ரிக்கெட் மலிவு, தயிர் விலை: குவாதலூப்பில் ஐந்து பேரின் பத்து நாள் கணக்கு

முன்பெல்லாம் பிரான்சில் இருக்கிற எங்கட சனம் லீவுக்கு எங்கே போகிறது என்று கேட்டால் மூன்று பதில்தான் இருந்தது. ஆவணியில் லூர்து மாதா கோயில், லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் வீடு, கொஞ்சம் காசு சேர்ந்தால் ஊர். இப்போது கதை மாறிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு நீலக் கடலும் தென்னை மரமும் வேணும். போனில் ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, இது பிரான்ஸ்தான், பாஸ்போர்ட் கூடத் தேவையில்லை, காசும் யூரோதான்" என்கிறார்கள். அந்தப் படம் பெரும்பாலும் குவாதலூப் அல்லது மார்த்தினிக்.

நாங்களும் போன வருஷம் ஐப்பசிக் கடைசியில், பள்ளிக்கூடத்துத் தூசான் விடுமுறைக்கு, குவாதலூப் போய் வந்தோம். நான், மனுசி, இரண்டு பிள்ளைகள், என்னுடைய அம்மா என ஐந்து பேர். மனுசி இரண்டு வருஷம் கட்டின சீட்டுக்காசில் போன பயணம் அது. விமான ரிக்கெட்டும் வாடகை வீடும் முதலே கட்டியாகிவிட்டது. மிச்சத்தில் பத்து நாள் சாப்பாட்டுக்கு 900 யூரோ, ஓட்டத்துக்கு 600 யூரோ, ஆக 1,500 என்று ஒரு கொப்பியில் எழிதிக்கொண்டு போனோம்.

மூன்றாம் நாள் இரவு அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தபோது சாப்பாட்டுக் காசில் 551 யூரோ போயிருந்தது. மிச்சம் ஏழு நாளுக்கு 349. நாளொன்றுக்கு ஐந்து பேருக்கு ஐம்பது யூரோ கூட இல்லை.

பாரிசில் பதினெட்டு வருஷமாக ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிறவன் நான். ஒரு தட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு சாமான் செலவு, எவ்வளவு லாபம் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் பிழைத்துப் போனேன். எங்கே பிழைத்தது, பிறகு எப்படிச் சமாளித்தோம் என்று எழுதினால், போக நினைக்கிற இன்னொரு குடும்பத்துக்கு உதவும்.

அந்த 551 எங்கே போனது?

வந்து இறங்கின அன்று இரவு எல்லாருக்கும் களைப்பு. பாரிசில் இருந்து எட்டரை, ஒன்பது மணித்தியாலப் பறப்பு. சமைக்க ஒருவருக்கும் மனமில்லை. கடற்கரையோர ரெஸ்ரோரண்டில் சாப்பிட்டோம்: 118 யூரோ. அடுத்த நாள் காலை பேக்கரியில் 24, மதியம் கடற்கரையில் 96, இரவு பிற்சா 62. இடையில் சுப்பர் மார்க்கெட்டில் "சும்மா கொஞ்சச் சாமான்" என்று வாங்கினது 87. மூன்றாம் நாள் காலை 22, மதியம் 84, இரவு பேர்கர் 58.

இதில் என்னை உண்மையில் அதிர வைத்தது ரெஸ்ரோரண்ட் பில் அல்ல. கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் விலைதான், அது எல்லா ஊரிலும் அப்படித்தான். அந்த 87 யூரோதான் தொண்டையில் நின்றது. தயிர், சீஸ், பிள்ளைகளின் காலைச் சீரியல், பழச்சாறு, போத்தல் தண்ணீர், ஹாம். பாரிசில் வாங்குகிற அதே சாமான்கள், அதே லேபிள். ஆனால் விலை மட்டும் வேறு. சின்னவன் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பிரான்ஸ் எண்டுதானே சொன்னீங்கள்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. பிரான்சின் தேசியப் புள்ளிவிபர நிறுவனமான இன்சே 2022ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. குவாதலூப்பில் பொதுவாக விலைகள் பிரான்ஸ் பெருநிலத்தைவிட 16 சதவீதம் கூட. உணவுப் பொருட்கள் மட்டும் எடுத்தால் 42 சதவீதம் கூட. மார்த்தினிக்கிலும் ஏறக்குறைய இதே நிலை, அங்கே உணவு 40 சதவீதம் கூட.

பெறுமதிசேர் வரி அங்கே குறைவு என்பதுதான் வேடிக்கை. பாரிசில் 20 சதவீதம் என்றால் அங்கே 8.5 சதவீதம்தான். பிறகு ஏன் விலை? காரணங்கள் பல. பெரும்பாலான சாமான் அத்திலாந்திக் தாண்டி, 6,000 கிலோமீற்றருக்கும் மேல் கொள்கலனில் வருகிறது. சனத்தொகை நான்கு இலட்சத்துக்குக் கிட்ட மட்டும்தான், சந்தை சின்னது. இறக்குமதியும் விநியோகமும் சில பெரிய குழுமங்களின் கையில். இதற்கு மேல் "ஒக்துருவா த மேர்" என்று ஒரு கடல் வரி. 17ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கின இந்த வரி, தீவுக்குள் வருகிற சாமான்கள் மேல் விழுகிறது. நகரசபைகளின் வருமானத்தில் பெரும் பங்கு இதுதான் என்பதால் எடுப்பதும் இலகு இல்லை.

ஆக, பிரான்சில் இருந்து போகிற சாமானைப் பிரான்சில் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டால் உங்கள் பட்ஜெட் கிழியும். நாங்கள் செய்த முதல் பிழை இதுதான்.

நாலாம் நாள் சந்தைக்குப் போனோம்

நாலாம் நாள் ஒரு சனிக்கிழமை. காலை பஸ் எடுத்து, நாங்கள் தங்கியிருந்த சென்ற்-ஆன் என்ற ஊரில் இருந்து புவாந்த்-அ-பித்ர் நகரச் சந்தைக்குப் போனோம். அம்மாவுக்கு அந்தச் சந்தைக்குள் கால் வைத்ததும் முகமே மாறிவிட்டது. பிரான்சுக்கு வந்து இருபது வருஷம், மரக்கறியைக் கையால் தொட்டுப் பார்த்து, முகர்ந்து வாங்குகிற சந்தையை அவ கண்டு கனகாலம்.

அங்கே இருந்தது எல்லாம் எங்களுக்குத் தெரிந்த சாமான்தான். ஈரப்பலாக்காய் கும்பல் கும்பலாக. சேம்பங்கிழங்கு. வத்தாளங்கிழங்கு. அவர்கள் "இன்யாம்" என்று சொல்கிற கிழங்கு, எங்கட ராசவள்ளியின் சொந்தக்காரன், நிறம்தான் வெள்ளை. "கிறிஸ்தோஃபின்" என்று விற்பது நாங்கள் சவ்சவ் என்று சொல்வது. பூசணி, கறி வாழைக்காய், அவகாடோ, தேசிக்காய், பச்சைத் தேங்காய். மார்கழியில் போகிறவர்களுக்குப் பச்சைத் துவரையும் கிடைக்கும். நத்தார்ச் சாப்பாட்டில் அது இல்லாமல் அங்கே சரிவராது.

இரண்டு பை நிறைய 45 யூரோவுக்கு வாங்கினோம். அதே சந்தையில் மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் பை பையாகக் கட்டித் தொங்கினது. பெயர் "கொலம்போ". அம்மா ஒரு பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய், "மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம்... அரிசியும் வறுத்துப் போட்டிருக்கினம் போல" என்றா. அவ சொன்னதைப் பெரியவள் பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். விற்கிற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. தன்னுடைய பாட்டியும் இந்தியக் கப்பலில் வந்தவர்களின் வழி என்று சொன்னா.

அந்தக் கப்பல் கதை பலருக்குத் தெரியாது. 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். 1854 மார்கழி கடைசியில் "ஒரேலி" என்ற கப்பல் புவாந்த்-அ-பித்ரில் முதல் தொகுதி இந்தியர்களை இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் குவாதலூப்புக்கு வந்தார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால், சென்னைப் பக்கத்துத் தமிழர்கள் அதில் நிறையப் பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம், சொற்பக் கூலி, அரிசி ரேஷன். மொழி போய்விட்டது. குழம்பு மட்டும் நின்றுவிட்டது. அந்தக் "குழம்பு"தான் "கொலம்போ" ஆனது என்று சிலர் சொல்வார்கள், கொழும்பின் பெயர்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். எதுவாக இருந்தாலும் இன்று குவாதலூப்பில் எல்லா இனத்தவர் வீட்டிலும் கொலம்போ சமைக்கிறார்கள். ஆட்டிறைச்சியில், கோழியில், மீனில்.

அம்மா பழக்கதோஷத்தில் பேரம் பேசப் பார்த்தா. இரண்டு யூரோ குறைக்கச் சொல்லிப் பேத்தியிடம் சொன்னா. பெரியவள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். "அப்பம்மா, இவவுக்கும் தயிர் அதே விலைதான்" என்றாள். நாங்கள் பத்து நாள் அழுதுவிட்டு வருகிற விலையை அந்த மனுசி வருஷம் முழுக்கக் கட்டுகிறா. அங்கே மூன்றில் ஒரு பங்குச் சனம் பிரான்சின் வறுமைக்கோட்டுக்குக் கீழே. அரசாங்க உத்தியோகத்தருக்கு விலைவாசிக்கென்று சம்பளத்தில் 40 சதவீதம் கூடக் கிடைக்கும். சந்தையில் குந்தியிருக்கிறவவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அம்மா கேட்ட விலையைக் கொடுத்தா.

குசினி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்

அதன் பிறகு ஏழு நாளும் எங்கள் சாப்பாட்டுக் கணக்கு இப்படிப் போனது. சந்தை இரண்டு தரம்: 83 யூரோ. மீன் மூன்று தரம்: 93. சுப்பர் மார்க்கெட்டில் அரிசி, முட்டை, உறைந்த கோழிக்கால், எண்ணெய், பாண்: 74. இரண்டு நாள் மதியம் "பொக்கித்" வாங்கினது: 64. ஒரு நாள் தெருவோரச் சாப்பாட்டுக்கடையில் கொலம்போ தட்டு, ஆளுக்கு 13 வீதம்: 65. மொத்தம் 379 யூரோ. நாளுக்கு 54. முதல் மூன்று நாளோடு சேர்த்தால் 930. எழுதிக்கொண்டு போன 900ஐ விட 30 கூட. முதல் நாளே இப்படித் தொடங்கியிருந்தால் 550க்குள் முடித்திருப்போம். வயிறு காய்ந்து அல்ல, நல்லாச் சாப்பிட்டு.

இதில் கற்றுக்கொண்டவை சில.

முதலாவது, ஹோட்டலை விடக் குசினி உள்ள வாடகை வீடு நல்லது. ஒரு இரவுக்கு இருபது யூரோ கூடக் கொடுத்தாலும் ஐந்து பேருக்குக் காலைச் சாப்பாட்டிலேயே அது திரும்பி வரும்.

இரண்டாவது, பாரிசில் இருந்து கொண்டு போகலாம். எங்கள் பெட்டிகளில் பாதி இடம் காலி. பருப்பு, மிளகாய்த்தூள், மீன் ரின், தேயிலை, பிள்ளைகளின் சீரியல் என்று உலர்ந்த சாமானாக ஐந்தாறு கிலோ கொண்டு போயிருந்தால் அந்த 87 யூரோ பில் வந்திராது. பச்சை மரக்கறி, பழம், கறிவேப்பிலை மட்டும் கொண்டு போகாதீர்கள். தீவின் பயிர்களுக்கு நோய் வரும் என்று அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

மூன்றாவது, மீனைக் காலையில் துறைமுகத்தில் வாங்குங்கள். சென்-பிரான்சுவா, தெஹே போன்ற ஊர்களில் வள்ளம் வந்து சேர்கிற நேரம் போனால் நேரே மீனவரிடம் வாங்கலாம். நாங்கள் போனபோது கிலோ 12 முதல் 15 யூரோ. சிங்கி இறாலும் "லம்பி" என்கிற சங்குச் சதையும் விலை, அதை ஒரு நாள் ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மதியச் சாப்பாட்டுக்கு பொக்கித். எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து, உள்ளே கோழி, உப்பு மீன், முட்டை, மரக்கறி வைத்துத் தருவார்கள். ஒன்று ஆறு யூரோ அளவில். ஒரு ஆள் ஒன்றுக்கு மேல் சாப்பிட ஏலாது. கடற்கரையில் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் போகாமல், வான் கடைக்கு முன்னால் உள்ளூர்ச் சனம் வரிசையில் நிற்கிற இடத்தைப் பாருங்கள்.

ஐந்தாவது, தண்ணீர். குவாதலூப்பில் குழாய்கள் பழுது. விநியோகிக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் கசிவில் போய்விடுகிறது. அதனால் பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். வாடகை வீடு எடுக்கும்போது தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் போத்தல் தண்ணீருக்கே தினமும் காசு போகும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து, பாஸ்-தேர் தெற்குப் பக்கத்து மண்ணிலும் ஆறுகளிலும் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆறுகளிலும் சில கரையோரங்களிலும் மீன்பிடிக்கத் தடை. கிழங்கு, மீன் இரண்டையும் பதிவுள்ள சந்தைக்காரரிடமும் மீனவரிடமும் வாங்குங்கள். ரோட்டில் யாரோ மலிவாக நீட்டுகிறார் என்று வாங்க வேண்டாம்.

கார் இல்லாமல் முடியுமா?

முடியும், ஆனால் கஷ்டம். தீவின் வரைபடத்தைப் பார்த்தால் வண்ணத்துப்பூச்சி போல இரண்டு சிறகு இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், தட்டை, வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர், மலை, காடு, 1,467 மீற்றர் உயர சூஃப்ரியேர் எரிமலை. இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் வாகனம் வேணும். மெட்ரோவும் இல்லை, ஆர்.ஈ.ஆரும் இல்லை. ரக்சி விலை, அதிலும் இரவிலும் ஞாயிறிலும் இன்னும் கூட.

பஸ் இருக்கிறது. ஆளுக்குச் சில யூரோதான். விடிய வெள்ளணத் தொடங்கும், பின்னேரம் ஆறு மணியோடு அடங்கும். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு குறைந்துவிடும், ஞாயிறு அநேகமாக இல்லை. நாங்கள் சந்தைக்குப் போன சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே திரும்பி வரிசையில் நின்றோம். நகரத்துக்குள் காரை நிறுத்த இடம் தேடுகிற தலையிடி இல்லை, பிள்ளைகள் உள்ளூர்ச் சனத்தோடு கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் இதை நம்பி மலைப்பக்கம் போய், பிறகு திரும்ப வழியில்லாமல் நிற்காதீர்கள்.

எங்கள் கார்க் கதை இன்னொரு பாடம். நாளுக்கு 34 யூரோ வீதம் பத்து நாள், 340 என்று பாரிசில் இருந்தே பதிந்தோம். வாடகைக் கந்தோரில் என்னுடைய வங்கிக் காட்டைக் கேட்டார்கள். பிணைக்காசாக ஒரு பெரிய தொகையை அதில் பிடித்து வைக்க வேணுமாம். என்னுடையது டெபிட் காட், அதன் உச்ச வரம்பு அதற்குக் காணாது. "அப்படியென்றால் எங்கள் முழுக் காப்புறுதியை எடுங்கள், பிணை தேவையில்லை" என்றார்கள். நாளுக்கு 14 யூரோ, பத்து நாளுக்கு 140. பின்னால் வரிசை நிற்கிறது, அம்மா கதிரையில் நித்திரை தூங்குகிறா, பிள்ளைகளுக்குப் பசி. கையெழுத்து வைத்தேன்.

இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல ஏலாது. பதிந்தபோது வந்த கடதாசியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. போக முதல் வங்கிக்குப் போன் பண்ணி, வரம்பைப் பத்து நாளுக்கு உயர்த்தித் தரச் சொல்லியிருந்தால் போதும். கார் பதிந்தவரின் பெயரும் காட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேணும் என்பதையும் கவனியுங்கள். எங்கட ஆட்கள் பலர் பிள்ளையின் போனில் பதிந்து, தகப்பனின் காட்டோடு போய் நிற்பார்கள்.

பெற்றோலுக்கு ஒரு நல்ல செய்தி. மலிவான பம்ப் எது என்று தேடி அலையத் தேவையில்லை. அதன் உச்ச விலையை ஒவ்வொரு மாதமும் அரசப் பிரதிநிதியான பிரிஃபே நிர்ணயிக்கிறார். எங்கே அடித்தாலும் ஒரே விலை. எங்களுக்குப் பத்து நாளுக்கு 105 யூரோ முடிந்தது. அதைக் குறைத்தது திட்டமிடல்தான். ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் மேற்கு என்று வைத்துக்கொண்டால், ஒரே ரோட்டில் இரண்டு தரம் ஓடத் தேவையில்லை. காலை ஆறரை முதல் ஒன்பது வரை புவாந்த்-அ-பித்ர், ஜாரி பக்கம் போகாதீர்கள், பாரிஸ் பெரிஃபெரிக் தோற்கும். ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் ஆறுக்கு முன்னமே இருட்டிவிடும். மலை ரோட்டை வெளிச்சத்திலேயே முடியுங்கள்.

ஒரு பயணத்தில் இரண்டு வேலை

லே சென்ற் என்ற சின்னத் தீவுக்கூட்டத்துக்குக் கப்பலில் போக வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினார்கள். துருவா-ரிவியேர் துறையில் இருந்து இருபது இருபத்தைந்து நிமிடம். ஐந்து பேருக்குப் போய்வர 125 யூரோ.  சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனதால் அங்கே வேறு செலவு வரவில்லை. புளிச்சோறும் பொரித்த மீனும்.

போகிற வழியில் கப்பஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர். அங்கே சாங்ஜி என்ற இடத்தில், ரோட்டோரமாகவே ஒரு மாரியம்மன் கோயில். அவர்கள் "மாலியேமின்" என்று சொல்கிறார்கள். வர்ணம் பூசிய கோபுரத்தைக் கண்டதும் அம்மா "நிப்பாட்டு தம்பி" என்றா. பெற்றோல் ஒரு சதம் கூடச் செலவில்லாமல் கிடைத்த தரிசனம். இதே ஊரைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கி 1923 வரை வழக்காடினார். அந்தச் சனம் பிரெஞ்சுக் குடிமக்களாக நிற்பதற்குப் பின்னால் அந்த வழக்கு இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமைக் கடதாசிக்காகப் பிரிஃபெக்சர் வாசலில் விடியவிடிய நின்றவர்கள் நாங்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை.

காசில்லாமல் பார்க்கக்கூடியது இன்னும் எவ்வளவோ உண்டு. கடற்கரைகளுக்குக் கட்டணம் இல்லை. நவம்பர் முதலாம் திகதி இரவு மயானங்கள் எல்லாம் மெழுகுதிரி வெளிச்சத்தில் நிற்கும். மோர்ன்-அ-லோ ஊரின் கறுப்பு வெள்ளைச் சதுரக் கல்லறைகளுக்கு நடுவே குடும்பம் குடும்பமாகச் சனம் கூடிக் கதைத்துக்கொண்டு நிற்கும். நாங்களும் ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்தோம்.

மொத்தக் கணக்கு

போக்குவரத்து: கார் 340, காப்புறுதி 140, பெற்றோல் 105, கப்பல் 125. மொத்தம் 710. எழுதினதை விட 110 கூட. சந்தைக்குப் போன பஸ் காசு சில்லறையாகப் போனதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சாப்பாட்டில் 30 கூட. எல்லாம் சேர்த்து 1,640. வரம்பைத் தாண்டினது 140. சரியாக அந்தக் காப்புறுதிக் காசு.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. தை முதல் சித்திரை வரையும், ஆடி ஆவணியிலும் கார் வாடகை இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகும். வைகாசி, ஆனி, கார்த்திகை மலிவு, ஆனால் ஆனி முதல் கார்த்திகை வரை புயல் காலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் தூசான் விடுமுறைதான் ஓரளவு கையைக் கடிக்காதது, மழை பெய்யும் என்று தெரிந்துகொண்டு போனால் சரி.

விலைகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேணும். 2009 தையில் இந்தத் தீவே 44 நாள் பொது வேலைநிறுத்தம் செய்தது. காரணம் இதே விலைவாசி. கடை பூட்டு, பெற்றோல் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. குறைந்த சம்பளக்காரருக்கு 200 யூரோ கூட்டிக் கேட்டார்கள். அதன் பிறகு 2012இல் வந்த ஒரு சட்டத்தால்தான் "விலைக் கேடயம்" என்ற பட்டியல் வந்தது. கடைகளில் அந்த அடையாளம் ஒட்டியிருக்கும் சாமான்களின் மொத்த விலைக்குக் கட்டுப்பாடு உண்டு. நீங்களும் அதைத் தேடி வாங்கலாம். ஆனால் அது சுற்றுலாப் பயணிக்கு வந்த சலுகை இல்லை, அந்தச் சனம் தெருவில் நின்று வாங்கினது. 2024இல் மார்த்தினிக்கில் திரும்பவும் இதே கோபம் தெருவுக்கு வந்தது. அதனால் அங்கே போய் நின்று "என்னப்பா இவ்வளவு விலை" என்று கடைப் பிள்ளையோடு எரிந்து விழாதீர்கள். அவளுக்கும் அதே விலைதான், அவளுக்கு லீவு முடிந்து திரும்பிப் போக வேறு ஊரும் இல்லை.

ஊருக்குக் காசு அனுப்பாமல் கடற்கரைக்குப் போகினம் என்று எங்களைப் பற்றியும் ஒருவர் இருவர் கதைத்ததாகக் காதில் விழுந்தது. அந்தக் குற்ற உணர்வு எங்கட தலைமுறையில் எல்லாரிடமும் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் இரண்டு விதமாகப் பிழைக்கிறோம். ஒன்று, போகவே மாட்டோம். இல்லாவிட்டால், வந்ததுதான் வந்தோம் என்று கணக்குப் பாராமல் கொட்டிவிட்டு, பிறகு ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவோம். கொப்பியும் பேனையும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் காட்டும்.

கடைசி இரவு அம்மா சமைத்தா. அந்தச் சந்தைக் கொலம்போத் தூளில் கோழிக்குழம்பு, ஈரப்பலாக்காய் அவித்து, தேங்காய்ச் சம்பல். சின்னவன் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். நான் செலவைக் கூட்டிப் பார்த்தேன், ஐந்து பேருக்கு 22 யூரோ. "உப்புக் கொஞ்சம் காணாது" என்றா அம்மா. தூளில் இரண்டு பை பெட்டிக்குள் போனது.

போக நினைக்கிறவர்கள் ரிக்கெட் போட முதல் நான்கு விஷயம் பாருங்கள். வீட்டில் குசினி இருக்கா, தண்ணீர்த் தாங்கி இருக்கா, காட்டின் வரம்பு காணுமா, கார் யார் பெயரில். மிச்சத்தைச் சந்தையில் பார்த்துக்கொள்ளலாம்.